வெறுங்கல் ஒன்று

இடது காலில் சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இருந்த மண் மட்டும் போகமாட்டேன் என்றது. அவள் ஈரத்துணியின் முனையை முறுக்கி உள்ளே விட்டு இழுத்தாள். பாதி வந்தது. மீதி காய்ந்து இறுகிக் கிடந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அதன் வளைந்த முனையால் மெதுவாகச் சுரண்டினாள்.

ஆஸ்பத்திரி வார்டில் இருபது வருஷமாக ஆயா வேலை. யார் யாரையோ இப்படித் துடைத்துக் கழுவி, துணி போர்த்தி அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கு அப்பாவின் முறை. கோபம் வந்தால் அவளுக்குக் கை நிதானமாகிவிடும், வாய்தான் நிதானம் இழக்கும். வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். அதற்கு மேல் எதிர்வீட்டு அக்காவின் குரல். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு.

"கடப்பாரையும் கையுமாவே கெடந்தாராம். கடைசி வரைக்கும் கை சும்மா இருக்கலை பாரு."

"செத்தவரைப் பத்தி எதுக்கு?" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? திருடப் போன எடத்துல உயிர் போச்சு. ஊருக்கே தெரியும்."

அவள் ஹேர்பின்னைத் தரையில் வைத்தாள். எழுந்து போய் அந்த வாயில் ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது. போடவில்லை. அப்பாவின் விரல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் மண் பாக்கி இருந்தது.

ஊருக்கு வெளியே, மயானத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது மொட்டை மேடு. எப்போதோ புத்த பிக்குகள் இருந்த கோயில். இப்போது இடுப்புயரச் சுவர்கள் நாலு, தலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் புத்தர் ஒருவர், அங்கங்கே சிதறிய கற்கள், சுற்றிலும் கம்பி வேலி. முப்பது வருஷம் அதற்குக் காவல்காரராக இருந்தவர் அப்பா. யார் வந்தாலும் கூடவே நடந்து கதை சொல்வார். இந்த ஊரில் பலருக்கு அதன் கதை தெரிந்ததே அவர் சொல்லித்தான்.

"இவங்களை யாரும் வெட்டிக் கொல்லலைங்க, வெரட்டலைங்க," என்பார். "ஏரி வத்துச்சு. வியாபாரிங்க வேற ரோட்டுல போக ஆரம்பிச்சாங்க. சோறு போட ஆளில்லை. ஒவ்வொருத்தரா கெளம்பிட்டாங்க. கடைசி ஆளு கூட்டிப் பெருக்கிட்டுத்தான் போயிருப்பாருன்னு வைங்க."

பிறகு ஊர் அதைத் தின்றது. கோயில் செங்கல் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஈரமாக இருக்கும்போது சூளைக்காரன் மூன்று விரலால் கோடு இழுத்திருப்பான். அந்த விரல்கோடு போட்ட செங்கல் இந்தத் தெருவில் இல்லாத வீடு கிடையாது. சமையலறைச் சுவர், கிணற்றுச் சுவர், கழிப்பறைப் படி என்று எல்லாம் அதுதான். மிச்சத்தை ரோடு போட வந்த காண்டிராக்டர் லாரி லாரியாக அள்ளிப்போய் ஜல்லியோடு ஜல்லியாகக் கொட்டினான். அதற்கெல்லாம் திருட்டு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அந்தப் பெயரை அப்பாவுக்காகப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. மேட்டில் பாதக்கல் என்று ஒன்று இருந்தது. பலகை மாதிரியான கல்லில் இரண்டு பாதங்களைக் குழிவாகச் செதுக்கி, உள்ளங்காலில் சக்கரம் வைத்திருப்பார்கள். "முகம் செதுக்கத் துணியாத காலம். ஆளு போயிட்டாரு, கால் பட்ட எடம் இருக்குன்னு காட்டறாங்க," என்று அப்பா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். ஒருநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தபோது அந்தக் கல் இல்லை. சாவி வைத்திருந்தவர் அப்பா. மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள். "எங்க வச்சிருக்கே?" என்று கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லையாம். வேலை போனது. கல் திருடன் என்று தெருப்பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அதைக் கேட்டுக் கேட்டே அம்மா அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். மெக்கானிக் ஷாப்பில் வேலை செய்த தம்பி, முதலாளி ஒருநாள் ஸ்பானரை எண்ணி வாங்கியதும் ஊரைவிட்டே போனான்.

அப்பா மட்டும் விடாமல் மேட்டுக்குப் போனார். பகலில் எல்லோருக்கும் திறந்திருக்கும் இடம்தானே. புத்தருக்குப் பத்தடி தள்ளிக் கிடந்த ஒரு வெறும் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருமுறை கால் வலிக்கிறதே என்று அவள் அந்தக் கல்லின் மேல் உட்காரப் போனாள்.

"அதுல உக்காராதம்மா!"

"ஏன், கரைஞ்சுடுமா?"

அவர் துண்டை விரித்துத் தன் பக்கத்தில் தரையைக் காட்டினார். சொல்லித்தொலைத்திருக்கலாம்.

நேற்று மத்தியானம் சொல்ல வந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கல்லுல சிவப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்கம்மா. பாதை போடறாங்களாம். வேண்டாத கல்லையெல்லாம் நாளன்னிக்கு உடைச்சு அடியில போடப் போறாங்க," என்றார்.

"போடட்டும்."

"ரெண்டு தடவை ஆபீஸுக்குப் போயிட்டேன். உள்ளயே விட மாட்டேங்கிறாங்க. உன்கிட்ட ஒரு விஷயம்…"

"ஒரு விஷயமும் வேணாம். கல்லு கல்லுன்னு அம்மாவை அனுப்பியாச்சு, தம்பியை அனுப்பியாச்சு. இன்னும் என்னப்பா? போங்க, போய் அது மேலயே விழுந்து சாவுங்க."

அவர் சாப்பிட்டு முடித்தார். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். குளியலறைக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். அவள் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அவள் சொன்ன பேச்சை அவர் தட்டாமல் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

தம்பி பதினொரு மணிக்கு வந்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு. வேலைக்குப் போகும் சின்ன லாரியிலேயே வந்திருந்தான், நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

"வழியெல்லாம் அதையேதான் கேக்கறாங்கக்கா. கடப்பாரையோடவான்னு."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தேன்."

"நல்லாக் குனி. குனிஞ்சு குனிஞ்சே கூன் விழட்டும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஜீப் நின்றது.

மேட்டுக்குப் பொறுப்பான அதிகாரி இறங்கினார். அவரேதான். ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பாவை ஸ்டேஷனுக்கு அனுப்பியவர். இப்போது வயிறு பெருத்திருந்தது, பதவியும். பின்னாலேயே கிளார்க், கக்கத்தில் ஒரு பெரிய ரெஜிஸ்டரோடு. அதிகாரி அப்பாவைக் கிடத்தியிருந்த சவப்பெட்டியருகே வந்து கைகளைக் கட்டிக்கொண்டு சரியாக ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்ன இருந்தாலும் பழைய ஸ்டாஃப். நான் பெருசு பண்ண விரும்பலை. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா. இதுல ஒரு கையெழுத்து."

அவள் தாளை வாங்கினாள். முன்னாள் காவலாளி அனுமதியின்றி நுழைந்து, வரிசை எண் நாற்பத்தேழு, வெறுங்கல் ஒன்றைப் பெயர்த்து எடுத்துச்செல்ல முயன்றபோது இயற்கையாக மரணமடைந்தார். அலுவலகம் இதற்குப் பொறுப்பல்ல.

"எடுத்துட்டுப் போகவா?" என்றாள். "நீங்க உடைக்கப் போற கல்லு. வெறும் கல்லு. அதைத் திருடி எங்கப்பா என்ன சார் பண்ணுவாரு, தலைக்கு வச்சுப் படுப்பாரா?"

"பழக்க தோஷம்னு ஒண்ணு இருக்கேம்மா," என்றார் அதிகாரி, வாய் கூசாமல்.

அவர் சட்டைக் காலரைப் பிடிக்க அவள் கை பரபரத்தது. அதை அடக்கிக்கொண்டு கிளார்க்கைப் பார்த்தாள்.

"எந்தக் கல்லுன்னு பாக்கணும். அந்த ரெஜிஸ்டரைக் காட்டுங்க."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். வார்டில் கேஸ் ஷீட் பார்த்துப் பார்த்து அவளுக்கு இது பழக்கம். எந்தக் கட்டத்தில் எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். நாற்பத்தேழாவது வரியில் விரலை வைத்தாள்.

வெறுங்கல் ஒன்று. நீளம் மூன்றடி ஓரங்குலம். அகலம் இரண்டடி. தடிமன் ஐந்து அங்குலம். ஒரு மூலை உடைந்தது.

எழுதிய தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன நாளின் தேதியை அவள் மறப்பாளா? பக்கத்தைப் பின்னால் தள்ளினாள். பன்னிரண்டாவது வரி. அதன் எதிரே சிவப்பு மையில் 'காணவில்லை'. அதே நாள், அதே கையெழுத்து.

பாதக்கல் ஒன்று. நீளம் மூன்றடி ஓரங்குலம். அகலம் இரண்டடி. தடிமன் ஐந்து அங்குலம். ஒரு மூலை உடைந்தது.

ஒரே ஆய்வில் ஒரு கல் காணாமல் போய், அதே அளவில் இன்னொரு கல் முளைத்திருக்கிறது. அதுவும் மூலை உடைந்து முளைத்திருக்கிறது. டேப் பிடித்து அளந்தவன், எழுதியவன், சரிபார்த்தவன், கையெழுத்துப் போட்டவன் என்று நாலு பேர். ஒருத்தனுக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. போலீஸைக் கூப்பிடத் தோன்றியிருக்கிறது.

அந்த ஆய்வுக்கு முந்தைய வாரம், மழை நாள் ஒன்றில், அப்பா உச்சிமுதல் கால்வரை சேறாக வந்து நின்றது ஞாபகம் வந்தது. என்ன கோலம் இது என்று அம்மா கேட்டபோது, "கல்லுக்குத் தூக்கம் வந்துச்சு. கவுத்துப் படுக்க வச்சிட்டு வரேன்," என்றார். அம்மா சிரித்தாள். அதற்கு முன்தினம்தான் இந்த அதிகாரி வெளியூர் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து பாதக்கல்லைப் போட்டோ எடுத்து, கிளீனிங்குக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு சின்னச் சிலைகள் கிளீனிங்குக்குப் போயிருந்தன. எத்தனை வருஷம் கிளீன் பண்ணினார்களோ, இன்றுவரை திரும்பவில்லை.

வாயைத் திறந்தால் கல் போகும், திறக்காவிட்டால் வேலை போகும். அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

ரெஜிஸ்டரை மூடினாள்.

"கையெழுத்து போடறேன் சார். மேட்டைத் தாண்டித்தான் மயானம் போகணும். அங்க வச்சுப் போடறேன். இந்த ரெஜிஸ்டரையும் கொண்டாங்க."

அதிகாரிக்கு நிம்மதி. ஜீப்புக்குப் போனார். அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வண்டியில ஜாக்கி இருக்கா?"

"எதுக்கு?"

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எடுத்து வச்சுக்க. அப்பாவோட வந்த கடப்பாரையையும்."

மேட்டின் கேட்டில் புது வாட்ச்மேன் நின்றான். பெட்டி தன்னை நோக்கித் திரும்புவதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அக்கா, உள்ள விடக் கூடாதுக்கா. என் வேலை போயிடும்."

"நேத்து நீதானே இருந்தே?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "ஒரு கை குடுடான்னு கேட்டாருக்கா. ஒரு பக்கம் தூக்கினா போதும்னாரு. நான்தான்… கம்ப்ளெயின்ட் பண்ணிடுவேன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்." கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான்.

பெட்டியைக் கல்லுக்குப் பக்கத்தில், அப்பா உட்காரும் இடத்தில் இறக்கச் சொன்னாள். அங்கே மட்டும் புல் முளைக்காமல் ஒரு ஆள் அகலத்துக்குத் தரை வழுவழுப்பாக இருந்தது. கல்லின் மேல் சிவப்புப் பெயிண்டில் பெரிய பெருக்கல் குறி. ஒரு ஓரத்தில் மண்ணைக் கிளறிய தடம், கடப்பாரை நுனி இறங்கிய குழி. அவ்வளவு தூரம்தான் அவரால் முடிந்திருக்கிறது.

"என்னம்மா இது?" அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். "என்ன பண்றீங்க? இதெல்லாம் சட்டப்படி தப்பு!"

"நாளைக்கு சம்மட்டியால உடைக்கறது சட்டப்படி சரி. இன்னிக்கு ஒரு தடவை திருப்பிப் பாத்தா தப்பா?" தம்பியைப் பார்த்தாள். "அந்தக் குழியிலேயே வை."

தம்பி அவளையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு மண்டியிட்டான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, இடைவெளியில் ஜாக்கியை நுழைத்துக் கைப்பிடியைச் சுழற்றினான். கல் முனகிக்கொண்டு ஓரம் தூக்கியது. பெட்டி சுமந்துவந்த நாலு பேரும் கேட்காமலே கை கொடுத்தார்கள். வாட்ச்மேனும் ஓடிவந்து பிடித்தான். கல் செங்குத்தாக ஒரு கணம் நின்று, மெல்ல மறுபக்கம் சாய்ந்தது.

மண்புழுக்கள் நெளிந்தன. வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. அவள் இரண்டு கையாலும் மண்ணை வழித்துத் தள்ளினாள். ஒரு குதிகால் தெரிந்தது. அப்புறம் சக்கரத்தின் ஒரு துண்டு.

கூட்டம் நெருங்கி வந்து குனிந்து பார்த்தது. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா…" என்றான் தம்பி. ஜாக்கியைப் பிடித்தபடியே பெட்டியைப் பார்த்து, சின்னப் பையன் மாதிரி, "அப்பா," என்றான் மறுபடியும்.

முதலில் சுதாரித்தது அதிகாரிதான். "அட! இதானா! பெரிய விஷயம்மா இது. மூடுங்க, மூடுங்க, யாரும் தொடாதீங்க." செல்போனை எடுத்தார். "லாரி சொல்றேன். உடனே கிளீனிங்குக்கு அனுப்பிடணும்."

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவள் போல அவள் எழுந்தாள்.

"போனை உள்ள வைங்க." குரல் உயரவில்லை. "கிளீனிங்குக்குப் போன ரெண்டு சிலை வந்துடுச்சா சார்? வரட்டும், இதை அனுப்பலாம். கிளார்க் சார், ரெஜிஸ்டரைப் பிரிங்க. பன்னெண்டாவது வரி. 'காணவில்லை'ங்கறதை அடிங்க."

"அது… மேலதிகாரி உத்தரவு இல்லாம…"

"எங்கப்பாவைத் திருடன்னு எழுதறப்போ எந்த மேலதிகாரி வந்தாரு? அடிங்க. கல் இங்கேயே இருந்தது, இடம் மாறலைன்னு எழுதுங்க. அடியில இவங்க எல்லாரும் சாட்சிக் கையெழுத்து போடுவாங்க. அது வரைக்கும் பெட்டி இங்கிருந்து எழும்பாது. சாயங்காலம் ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி."

கூட்டம் நெளிந்தது. பெட்டிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "கவர்மெண்ட் புஸ்தகத்துல கையெழுத்துன்னா… நமக்கு எதுக்கும்மா வம்பு?"

காலையிலிருந்து கடித்து வைத்திருந்த பல் அப்போதுதான் விட்டது.

"வம்பா? அண்ணே, உங்க கடைக்குப் பின்சுவரு எதால கட்டினது? மூணு விரல்கோடு போட்டிருக்குமே, தெரியாதா? அக்கா, உன் சமையல்கட்டுல அடுப்பு மேடைக்கு என்ன செங்கல் வச்சிருக்கே? இந்தத் தெருவே இவரை உரிச்சுக் கட்டினதுதான்." தலையில்லாத புத்தரைக் காட்டினாள். "வீடு வீடா எடுத்துட்டுப் போய்ச் சுவர் வச்சவங்க எல்லாம் யோக்கியங்க. ஒரு கல்லைக்கூட எடுக்காம, கவுத்துப் போட்டுக் காவல் காத்தவன் திருடன். ஒன்பது வருஷம் வாய் கிழியப் பேசினீங்கல்ல? செங்கல் எடுத்த கையால இப்ப ஒரு கையெழுத்து போட வலிக்குதா?"

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிகாரி கிளார்க்கிடம் ஏதோ முணுமுணுத்தார். கிளார்க் அவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு புத்தரின் மடியையே மேஜையாக்கி ரெஜிஸ்டரைப் பிரித்துவைத்தார். சிவப்பு எழுத்தின் மேல் ஒரே கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் மூன்று வரி.

முதலில் போய்க் கையெழுத்துப் போட்டது எதிர்வீட்டு அக்கா. எழுதத் தெரியாதவள், கட்டைவிரலில் மையைத் தடவி அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் பெட்டிக்கடைக்காரர், வாட்ச்மேன், மற்றவர்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் செல்போனில் கல்லைப் படம் எடுத்தார்கள். இனி இது எங்கே போனாலும் தெருவுக்கே தெரியும். அதிகாரி ஜீப்பில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பே பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவருக்கு அந்த அதிகாரி மேல் மட்டுமா நம்பிக்கை இல்லை? ஊர் மேல் இல்லை, மனைவி மேல் இல்லை, மகள் மேலும் இல்லை. அவள் பெட்டிக்குள் குனிந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வித்தா தின்னிருப்பேன்? ஒன்பது வருஷம்ப்பா. அப்படி என்னப்பா அழுத்தம் உங்களுக்கு?"

நேற்றுச் சொல்ல வந்தாரே என்பது அந்த இடத்தில் ஞாபகம் வந்து, அவள் பேச்சு அப்படியே நின்றது.

பெட்டியைத் தூக்க நாலு பேரும் குனிந்தார்கள். அவள் திரும்பிக் கல்லருகே மண்டியிட்டாள். செதுக்கிய குழிகளில் மண் அடைத்துக் கிடந்தது. வலது பாதத்தை வழித்துத் துடைத்தாள். இடது பாதத்தில் பெருவிரல் வந்தது, அடுத்தது வந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள்.

"போலாமாக்கா?" என்றான் தம்பி.

"இரு," என்றாள் அவள், நிமிராமல். "சுண்டு விரல் ஒண்ணு பாக்கி."